ஐ7 தோற்று ஐ5 ஜெயிப்பது எப்படி? இரண்டு லேப்டாப் ப்ராசசர்களை ஒப்பிடும் வழி

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐ5 எடுக்கவா, ஐ7 எடுக்கவா?" நான் பதில் சொல்லாமல், "ரெண்டோட முழுப் பேரையும் அனுப்புங்க" என்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஜோடியைக் காட்டுவது வழக்கம். ஒன்று இன்டெல் கோர் ஐ7-1255யு. மற்றது இன்டெல் கோர் ஐ5-1240பி. இரண்டும் 12ஆம் தலைமுறை, இரண்டும் 2022இல் வந்தவை, உள்ளே இருக்கும் கோர்களின் (கணக்கைச் செய்யும் தனித்தனி அலகுகளின்) வடிவமைப்பும் ஒன்றே. ஸ்டிக்கரைப் பார்த்தால் ஐ7 அண்ணன், ஐ5 தம்பி. ஆனால் ஒரு பெரிய 3டி காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக வரைந்து முடிக்கக் கொடுத்தால், பெரும்பாலும் தம்பிதான் முதலில் முடிப்பான்.

இது எப்படி நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் எந்த இரண்டு ப்ராசசரையும் நீங்களே ஒப்பிட்டுவிடலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஜோடியையே கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை: முழுப் பெயர்

விளம்பரத்தில் "ஐ7" என்றும் "ரைசன் 5" என்றும்தான் பெரிதாகப் போட்டிருக்கும். அது குடும்பப் பெயர் மாதிரி. நமக்கு வேண்டியது ஆளின் பெயர், அதாவது அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும். அது கிடைக்காத விளம்பரத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் மேலே வலது மூலையில் முழுப் பெயர் இருக்கும்.

இன்டெல் பெயரில் கடைசி எழுத்துதான் முக்கியம். யு என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ரகம். எச் என்றால் கனமான வேலைக்கான ரகம். பி இரண்டுக்கும் நடுவில். எச்எக்ஸ் என்றால் கிட்டத்தட்ட மேசைக் கணினிச் சில்லையே லேப்டாப்பில் வைத்தது மாதிரி. 1255க்குப் பின்னால் யு, 1240க்குப் பின்னால் பி. நம் அண்ணன் தம்பி கதையின் பாதி இந்த இரண்டு எழுத்துகளிலேயே இருக்கிறது.

ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி பக்கம் வந்தால் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, எண்ணையும் பிரித்துப் படிக்க வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, ரைசன் 5 7540யு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது. 10 கூடினால் கொஞ்சம் வேகம் கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. 2022 செப்டம்பரில் ஏஎம்டி அறிவித்த பெயர்முறைப்படி முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 7 என்றால் 2023. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்று சொல்லும். 7520இல் அது 2, அதாவது 2019இல் வந்த ஸென் 2. அதில் 4 கோர்கள்தான். 7530இல் ஸென் 3, 6 கோர்கள். 7540இல் ஸென் 4, அதிலும் 6 கோர்கள். இரண்டு தலைமுறை வித்தியாசத்தை ஒரு சின்ன இலக்கத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

இன்னும் வேடிக்கை, 2021இல் வந்த ரைசன் 5 5500யுவும் ஸென் 2தான். ஆனால் அதில் 6 கோர்கள். எண்ணைப் பார்த்து 5500ஐ விட்டுவிட்டு 7520க்கு மாறியவர் இரண்டு கோரை இழந்திருப்பார். அந்த 5500யுவுக்குப் பக்கத்திலேயே, அதே ஆண்டில், 5600யு ஸென் 3ஆக வந்தது. "5000 சீரீஸ்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இன்டெலும் சும்மா இருக்கவில்லை. 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா வந்தபோது அந்த "ஐ" எழுத்தைக் கைவிட்டது. அடுத்த மாதமே கோர் 7 150யு போன்ற, அல்ட்ரா இல்லாத பெயர்களும் வந்தன. அவை உள்ளுக்குள் பழைய தலைமுறை வடிவமைப்பு. ஆகவே "கோர் 7" வேறு, "கோர் அல்ட்ரா 7" வேறு. தாளில் எழுதும்போது ஒரு எழுத்தைக்கூட விடாதீர்கள்.

இரண்டாவது: தாளை இரண்டாகப் பிரியுங்கள்

நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று. தகவலைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே எடுங்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனிப் பக்கம் உண்டு. எழுத வேண்டியவை: கோர் எத்தனை, த்ரெட் எத்தனை (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்), அதிகபட்ச டர்போ வேகம் (தற்காலிகமாக எட்டும் உச்ச வேகம்), கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்), அடிப்படை வாட், அதிகபட்ச வாட்.

நம் ஜோடிக்கு எழுதினால் இப்படி வரும். ஐ7-1255யு: 10 கோர், 12 த்ரெட், 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை, 12 எம்பி கேஷ், அடிப்படை 15 வாட், அதிகபட்சம் 55 வாட். ஐ5-1240பி: 12 கோர், 16 த்ரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை, அதே 12 எம்பி கேஷ், அடிப்படை 28 வாட், அதிகபட்சம் 64 வாட்.

10 கோருக்கும் 12 கோருக்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் இரண்டு வகைக் கோர்களைக் கலந்து வைக்கிறது. பி-கோர் என்பது வேகமான பெரிய கோர். ஈ-கோர் என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்ன கோர். ஐ7-1255யுவில் பி-கோர் 2, ஈ-கோர் 8. ஐ5-1240பியில் பி-கோர் 4, ஈ-கோர் 8. ஆக, வித்தியாசம் "10க்கு 12" இல்லை. பெரிய கோர் இரண்டுக்கு நான்கு, சரியாக இரட்டிப்பு. பெட்டியில் வெறும் "10 கோர்" என்று போட்டிருந்தால் அது எந்த 10 என்று தேடிப் பார்க்காமல் விடாதீர்கள்.

கிகாஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ப்ராசசர் ஒரு நொடியில் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதுதான் அது. ஒரே வடிவமைப்புக்குள் மட்டும்தான் அந்த எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடலாம். நம் ஜோடியில் ஒப்பிடலாம்: 4.7க்கும் 4.4க்கும் சுமார் 7 சதவீதம் வித்தியாசம், ஐ7க்குச் சாதகம். வடிவமைப்பு வேறு என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஏனென்றால் ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பது ஒவ்வொரு வடிவமைப்புக்கும் வேறு. இது இன்று நேற்றைய பிரச்சினை இல்லை. 2001இல் ஏஎம்டி தன் அத்லான் எக்ஸ்பி 1800+ சில்லுக்கு அந்தப் பெயரை வைத்தபோது அது ஓடிய வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்தான். இன்டெலின் பென்டியம் 4இன் பெரிய பெரிய கிகாஹெர்ட்ஸ் எண்களோடு மோத, வேக எண்ணைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டு வேறொரு எண்ணை ஒட்டினார்கள். பெயரில் விளையாடும் பழக்கம் அப்போதே உண்டு.

மூன்றாவது: உங்கள் வேலை எத்தனை கோரைத் தொடுகிறது?

இதைச் செய்யாமல் நேராக பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) பார்க்கப் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பெரிய ஸ்கோர் உங்களுக்குப் பயன்படுமா என்பதை உங்கள் வேலைதான் சொல்லும்.

இப்போது வைத்திருக்கும் கணினியிலேயே பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிக் கட்டம் காட்டும்படி மாற்றுங்கள். அதை ஒரு ஓரத்தில் திறந்து வைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். உங்களைக் காக்க வைக்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எல்லாக் கட்டமும் உச்சிவரை நிரம்பினால் உங்கள் வேலை எல்லாக் கோரையும் கேட்கிறது. ஒன்றிரண்டு கட்டம் மட்டும் துள்ளி மற்றவை படுத்துக் கிடந்தால், உங்களுக்கு ஒற்றைக் கோர் வேகம்தான் தேவை. எதுவுமே நிரம்பவில்லை, ஆனாலும் கணினி திணறுகிறது என்றால் ரேமையும் டிஸ்கையும் பாருங்கள். குற்றவாளி ப்ராசசரே இல்லாமல் போகலாம்.

இணையத்தில் உலாவுவது, ஆவணம் தட்டுவது, எக்செல்லில் சாதாரணக் கணக்குப் போடுவது எல்லாம் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலைகள். 3டி ரெண்டர், பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது எல்லாக் கோரையும் இழுக்கும். போட்டோ எடிட்டிங் இரண்டும் கலந்தது.

கலந்த வேலையில் கோரை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 ஒரே மாதிரி கோர்கள் உள்ள சில்லில் ஒரு வேலை 50 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 நொடி வேலையைப் பங்கு போட முடியாது, ஒரே கோர்தான் செய்தாக வேண்டும். மீதி 10 நொடி வேலையை மட்டும் 6 கோரும் பிரித்துச் செய்கின்றன. இப்போது 12 கோர் சில்லுக்கு மாறுகிறீர்கள். அந்த 10 நொடி 5 ஆகும். 40 அப்படியே 40. மொத்தம் 45. கோர் இரட்டிப்பு, நேரத்தில் மிச்சம் 10 சதவீதம். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொன்ன விஷயம் இது. அம்டால் விதி என்று அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஆக, உங்கள் வேலை உலாவலும் ஆவணமும்தான் என்றால் நம் ஜோடியில் ஐ7 ஒரு மயிரிழை முன்னே. ரெண்டர் என்றால் ஐ5. இந்த நிலையிலேயே பாதி முடிவு வந்துவிட்டது, ஒரு பெஞ்ச்மார்க்கும் பார்க்காமல்.

நான்காவது: பெஞ்ச்மார்க் ஸ்கோரைப் படிப்பது

படிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சினிபெஞ்ச் என்பது மேக்ஸன் நிறுவனத்துடையது. ஒரு 3டி படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுத்து ரெண்டர் செய்யச் சொல்லும். வேலை அழகாகப் பிரிந்துபோவதால் கோர் அதிகம் உள்ளவை இதில் ஜொலிக்கும். உங்கள் வேலையும் ரெண்டர்தான் என்றால் இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. இல்லையென்றால் அதன் மல்டி கோர் ஸ்கோரை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு பாருங்கள்.

கீக்பெஞ்ச் ப்ரைமேட் லேப்ஸுடையது. சுருக்குதல், பிரவுசர், படத் திருத்தம் என்று பல குட்டி வேலைகளைக் கொடுக்கும். 2023இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து மல்டி கோர் சோதனையின் முறையே மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலை. இப்போது எல்லாக் கோரும் சேர்ந்து ஒரே வேலையை முடிக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இது நெருக்கமானது. ஆனால் கோர் கூடக் கூட ஸ்கோர் அதே வேகத்தில் ஏறாது. ஒரே இரண்டு சில்லுகளுக்கு சினிபெஞ்சில் பெரிய இடைவெளியும் கீக்பெஞ்சில் சின்ன இடைவெளியும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். இரண்டுமே உண்மைதான், கேட்ட கேள்வி வேறு.

பாஸ்மார்க் பலர் கணினியில் ஓடிய முடிவுகளின் சராசரியைக் காட்டும். நல்ல லேப்டாப், மோசமான லேப்டாப் எல்லாம் கலந்திருக்கும். ஒரு பார்வைக்கு நல்லது. எத்தனை மாதிரிகள் என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் ஓட்டிய சராசரியை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம், பதிப்பு. சினிபெஞ்ச் ஆர்23 ஸ்கோரும் சினிபெஞ்ச் 2024 ஸ்கோரும் முற்றிலும் வேறு அளவுகள். ஒன்று ஆயிரக்கணக்கில் வரும், மற்றது பெரும்பாலான லேப்டாப்களில் நூற்றுக்கணக்கில் வரும். கீக்பெஞ்ச் 5இன் அடித்தளம் கோர் ஐ3-8100க்கு 1000 என்று வைத்தது. கீக்பெஞ்ச் 6இல் கோர் ஐ7-12700க்கு 2500. ஒரு சில்லுக்குப் பழைய பதிப்பும் இன்னொன்றுக்குப் புதிய பதிப்பும் எடுத்து ஒப்பிட்டால், கிலோவையும் லிட்டரையும் கழித்த கதைதான்.

சதவீதக் கணக்கும் அடிக்கடி தடுமாற வைக்கும். ஒன்றின் ஸ்கோர் 8000, மற்றது 10,000 என்றால், பெரியது சின்னதைவிட 25 சதவீதம் வேகம். சின்னது பெரியதைவிட 20 சதவீதம் மெதுவு. இரண்டும் ஒரே வித்தியாசம்தான். விற்பவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். நேரமாக மாற்றிப் பாருங்கள்: சின்னது 10 நிமிடத்தில் செய்வதைப் பெரியது 8 நிமிடத்தில் முடிக்கும். அந்த 2 நிமிடம் உங்களுக்கு ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்று யோசித்தால் தெளிவு பிறந்துவிடும்.

5 சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை நான் சமம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதே லேப்டாப்பில் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் ஓட்டினாலே அந்த அளவு ஏறி இறங்கலாம்.

இரண்டு பெயரைக் கொடுத்தால் உடனே "இது 100க்கு 71, அது 100க்கு 64" என்று தீர்ப்பு எழுதிக் கொடுக்கும் ஒப்பீட்டுத் தளங்கள் நிறைய உண்டு. அந்த 71 எந்தச் சோதனையிலிருந்து, எந்த லேப்டாப்பில், எத்தனை வாட்டில் வந்தது என்று சொல்லாவிட்டால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

ஐந்தாவது: சில்லு எந்த உடம்புக்குள் இருக்கிறது?

மேசைக் கணினி என்றால் நான்காவது படியோடு நிறுத்தியிருக்கலாம். லேப்டாப்பில் அப்படி முடியாது. ஒரே ப்ராசசர் இரண்டு லேப்டாப்களில் இரண்டு மாதிரி ஓடும்.

நம் ஐ7-1255யுவை மறுபடி எடுங்கள். அடிப்படை 15 வாட், அதிகபட்சம் 55 வாட். இவ்வளவு பெரிய இடைவெளி எதற்கு? வேலை தொடங்கியதும் ப்ராசசர் உச்ச வாட்டுக்குத் தாவி, சில பத்து நொடிகள் முழு வேகத்தில் ஓடும். அதற்குள் உடம்பு சூடேறும். பிறகு லேப்டாப் தயாரிப்பாளர் வைத்திருக்கும் நீண்டநேர வரம்புக்கு இறங்கி அங்கேயே நிற்கும். அந்த வரம்பை ஒரு தயாரிப்பாளர் 15 வாட்டில் வைக்கலாம், தடிமனான உடம்பும் நல்ல ஃபேனும் கொடுத்த இன்னொருவர் 25 வாட்டில் வைக்கலாம். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ளும்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகுமா என்றால், ஆகாது. ஒரு சில்லு தின்னும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், செலவு 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1. அதாவது 33 சதவீதம் அதிகம். வேகம் மட்டும் 10 சதவீதம். உச்சியில் ஓடும் சில்லுகள் ஏன் அடுப்பு மாதிரி கொதிக்கின்றன என்பதும், கோர் அதிகமுள்ள சில்லு ஒவ்வொரு கோரையும் மெதுவாக ஓட்டியே எப்படி ஜெயிக்கிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும்.

இதற்கு ஆப்பிள் ஒரு நல்ல உதாரணம் கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த எம்1 சில்லை மேக்புக் ஏரிலும் 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் வைத்தார்கள். ஏரில் ஃபேன் கிடையாது, ப்ரோவில் உண்டு. சின்ன வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தொடர்ந்து பல நிமிடம் முழுச் சுமையில் ஓட்டினால் ஏர் மெதுவாகப் பின்தங்கும்.

எனவே தாளில் ப்ராசசர் பெயருக்குக் கீழே லேப்டாப் மாடலின் முழுப் பெயரையும் எழுதுங்கள். அந்த மாடலின் விமர்சனங்களைத் தேடுங்கள். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் ஓட்டத்தின் ஸ்கோரும், 10 நிமிடம் கழித்து வந்த ஸ்கோரும். சினிபெஞ்ச் ஆர்23 வந்ததிலிருந்து அந்தச் சோதனை இயல்பாகவே 10 நிமிடம் ஓடுவது இதற்காகத்தான். முதல் ஓட்டம் பளபளவென்று இருந்து 10ஆவது நிமிடத்தில் கால்வாசி காணாமல் போனால் அது மெல்லிய உடம்பு. உங்கள் வேலை குறுகியது என்றால் கவலையில்லை. நீண்டது என்றால் அதை விட்டுவிடுங்கள்.

நம் ஐ5-1240பிக்கும் இதே கதிதான். அதைத் தாளைப் போல மெல்லிய லேப்டாப்பில் திணித்து 20 வாட்டில் கட்டிப்போட்டால், ஐ7-1255யுமேல் அதற்கு இருக்கும் முன்னிலை சுருங்கிவிடும். தம்பி ஜெயிப்பான் என்று தொடக்கத்தில் "பெரும்பாலும்" போட்டது இதனால்தான்.

சில்லுக்குள் இருக்கும் மற்றவை

கிராஃபிக்ஸ் சில்லுக்குள்ளேயே இருக்கும் லேப்டாப் என்றால் ரேமையும் பாருங்கள். ஐ7-1255யுவில் கிராஃபிக்ஸ் அலகுகள் 96, ஐ5-1240பியில் 80. ஆனால் ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் போட்டு, ஒற்றைச் சேனலில் (ரேமுக்கு ஒரே ஒரு பாதையில்) ஓடினால் இரண்டுமே தடுமாறும். இன்டெல்லே அந்த கிராஃபிக்ஸை ஐரிஸ் எக்ஸ்இ என்ற உயர்ந்த பெயரால் அழைக்காமல் யுஎச்டி என்ற சாதாரணப் பெயரில்தான் காட்டும். ரேம் இரட்டைச் சேனலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி முக்கியம் என்றால் பெரிய எண்களின்மேல் இருக்கும் மோகத்தை விட வேண்டும். கோர் அல்ட்ரா 7 155எச்சில் 16 கோர், 22 த்ரெட். அதற்கு அடுத்த ஆண்டு, 2024இல் வந்த கோர் அல்ட்ரா 7 258வியில் 8 கோர், 8 த்ரெட்தான். புதியது பாதியாகக் குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அது அடிப்படை 17 வாட்டில் ஓடும்படி, பேட்டரிக்காகவே வடித்த சில்லு. எல்லாக் கோரும் ஓடும் நீண்ட வேலையில் 155எச் முன்னே. நாள் முழுக்கச் சார்ஜர் இல்லாமல் சுற்றுகிறவருக்கு 258வி. ஒன்று கவனம்: 258வியில் ரேம் சில்லோடு சேர்ந்தே வரும். பிறகு கூட்ட முடியாது.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் போன்ற ஆர்ம் வகை (இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறு கட்டளை மொழி பேசும்) ப்ராசசரை ஒப்பிடும்போது ஸ்கோருக்கு முன்னால் உங்கள் மென்பொருள் பட்டியலை எடுங்கள். பழைய விண்டோஸ் மென்பொருள் பலவற்றை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும், கொஞ்சம் வேகம் குறையும். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. பழைய பிரின்டரோ ஏதாவது தனிக் கருவியோ வைத்திருந்தால் அதற்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என்பியு என்ற ஏஐ அலகைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். அதைப் பயன்படுத்தும் மென்பொருள் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் ஒப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு வரி போதும்.

கடைசியாக, நீங்களே ஓட்டிப் பார்ப்பது

இரண்டு லேப்டாப்பும் கைக்கு எட்டும் என்றால், அல்லது பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும் என்றால், பெரிய கருவிகள் வேண்டாம். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளிலேயே டூல்ஸ் மெனுவுக்குள் ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது. த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்து ஒரு முறை, முழு எண்ணிக்கையில் ஒரு முறை ஓட்டுங்கள். ஒற்றைக் கோர் வேகமும் மொத்த வேகமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் சொந்த வேலை ஒன்றை, அதே கோப்பை வைத்து, இரண்டிலும் செய்து நேரம் பாருங்கள். என் கணிப்பில் எந்த ஸ்கோரையும்விட இந்த நேரத்துக்குத்தான் மதிப்பு.

ஓட்டும் முன் இரண்டிலும் சூழ்நிலை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் சார்ஜரில், இரண்டும் ஒரே பவர் மோடில், இரண்டும் கெட்டியான மேசைமேல். மெத்தைமேல் வைத்தால் அடியில் காற்று வழி அடைபட்டு எல்லா எண்ணும் பொய்யாகிவிடும். கணினியைத் திறந்தவுடன் ஓட்டாமல் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணை எடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை என் பழைய லேப்டாப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 7-ஜிப் ஓட்டினேன். புதியது தோற்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தோற்றது. அதே மாடலை என் பேச்சைக் கேட்டு வாங்கியிருந்த நண்பருக்குப் போன் போட்டு, "தப்பா சொல்லிட்டேன் போல, முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார்ஜர்ல போட்டிருக்கியா?" போட்டுத்தான் இருந்தேன். குனிந்து பார்த்தால், சுவரில் சுவிட்ச் போடவில்லை. பேட்டரி கால்வாசிக்குக் கீழே போய் பேட்டரி சேவர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பின்னணியில் ஒரு அப்டேட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டி, அப்டேட் முடியும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டியபோது முடிவு அப்படியே தலைகீழ். நண்பர் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போதும் எதையாவது நான் மெதுவு என்று சொன்னால் முதலில் சுவிட்சைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.